சிறுவயதில் விளையாடிய கடற்கரைக்குப் பல வருடம் கழித்துப் போனால் ஏமாற்றமாக இருக்குமா?

போகலாமா வேண்டாமா என்று நீங்கள் ரொம்ப நாளாகத் தயங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். "அப்போ நீ சின்னப் பிள்ளை, அதான் கரை பெருசாத் தெரிஞ்சது" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்காகவே இந்தப் பதில்.

மணல் வெயிலில் கொதிக்கும் என்பதால், கலங்கரை விளக்கத்தின் கடைசிப் படியில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். அவர் வைக்கும் ஒவ்வொரு எட்டையும் நான் சத்தமாக எண்ண வேண்டும். நூறுக்கு மேல் எண்ணக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். ஈர மணல் வரும்போது 140ஐத் தாண்டியிருக்கும். அங்கே இறக்கிவிடுவார். வளைக்குள் ஓடும் நண்டுகளைத் துரத்துவேன். அலை பின்வாங்கும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து, கடல் என்னை இழுப்பது போல இருக்கும். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொள்வேன்.

27 வருடம் கழித்துப் போனேன். இப்போது எனக்கும் அப்பாவின் உயரம். அதே படியிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். 38இல் கருங்கல் குவியல் மறித்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல். நான் வளர்ந்ததால் கரை சிறிதாகத் தெரிகிறது என்று யாரும் சொல்ல வேண்டாம்; அன்றைக்கு எண்ணியதும் வளர்ந்த மனிதரின் எட்டுதான்.

"நீ போன மாதம் சரியில்லை" என்றும் சொல்வார்கள். கொந்தளிப்பான மாதங்களில் அலை மணலை இழுத்துப் போவதும், கடல் அடங்கியதும் அது கரைக்குத் திரும்புவதும் எனக்கும் தெரியும். அதனால்தான் ஆறு மாதம் விட்டு மறுபடியும் போய் எண்ணினேன். அதே 38.

கொஞ்சம் தள்ளித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்தான் காரணம். அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்தால் ஒரு பக்கம் மணல் குவியும். மறுபக்கம் வரத்து நின்று கரை அரிக்கும். எங்கள் கரை அந்த மறுபக்கம். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல்லில் மோதித் திரும்பும் அலை, அடியில் மிச்சமிருந்த மணலையும் வாரிக்கொண்டு போனது. துறைமுகமே கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். குவிந்த பக்கத்து மணலை எடுத்து அரிக்கும் பக்கம் கொண்டுபோய்ப் போடும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. இங்கே செய்யவில்லை. என் கோபம் அதற்குத்தான்.

பழைய கரையைக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. எங்கள் ஆல்பத்தை உறவினர் ஒருவர் கல்யாண வீட்டில் காட்டிவிட்டுத் தருவதாக வாங்கிப்போனார். ஐந்து முறை கேட்டுவிட்டேன். "வீடு மாத்தினப்போ எங்கேயோ போயிருச்சு" என்கிறார். அடுத்தவர் வீட்டுப் படங்களை இப்படியா வைத்துக்கொள்வது? ஆறாத கோபம் இது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.

ஏமாற்றம் இருந்தது. ஆனாலும் போனதற்கு வருந்தவில்லை. கல் குவியல் முடியும் இடத்தில் ஒரு துண்டு மணல் மிஞ்சியிருக்கிறது. அங்கே நின்றபோது குதிகாலுக்கு அடியில் அதே இழுப்பு.

போய்ப் பாருங்கள். அம்மா அப்பா இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்; எது எங்கே இருந்தது என்று அவர்கள் காட்டுவார்கள். நான் போனபோது அப்பா இல்லை.