அப்பாவின் குறட்டையும் எக்கோவில் வந்த 48-ம்

அப்பாவின் குறட்டைக்கும், எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் 48 mmHg என்று கூடுதலாக வந்ததற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த 48-க்குக் குறட்டை மட்டுமே காரணம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், நுரையீரலின் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கும். இரவெல்லாம் இது திரும்பத் திரும்ப நடந்தால் அங்கே அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் திணறும். ஆனாலும் ஸ்லீப் ஆப்னியா (இப்படித் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு) மட்டும் என்றால் அழுத்தம் பெரும்பாலும் லேசாகத்தான் ஏறும். அதனால் இதயத்தின் இடப்பக்கம், நுரையீரல், பழைய ரத்தக்கட்டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி அப்பா மல்லாந்து தூங்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு (சென்னைப் புழுக்கத்தில் கஷ்டம்தான், பத்து நிமிடம் போதும்) போனில் வீடியோ எடுங்கள். குறட்டை சட்டென்று நின்று, வயிறு மட்டும் ஏறி இறங்கி, 10 நொடிக்கு மேல் கழித்துத் திணறலோடு மூச்சு வருகிறதா? அதை நுரையீரல் மருத்துவரிடம் காட்டி ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் சோதனை) கேளுங்கள். சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனையிலும் நெஞ்சக நோய்ப் பிரிவு உண்டு.

ஒன்று மட்டும்: எக்கோ எண் ஒரு மதிப்பீடுதான். உறுதிப்படுத்துவது வலது இதயக் கதீட்டர் சோதனை (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பது). கால் வீக்கம், மயக்கம், நெஞ்சுவலி வந்தால் வீடியோவுக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.