வாசகர் கேள்வி பதில்: கிரேக்கப் பண்புத் தெய்வங்கள்

கேள்வி: பள்ளி நாடகத்தில் கிரேக்கத் தேவியர் வருகிறார்கள். மானத்துக்குரிய தேவி ஹோனோஸ் என்று ஒரு பட்டியலில் பார்த்தோம். சரிதானா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: இல்லை. ஹோனோஸ் ரோமானியத் தெய்வம், அதுவும் ஆண். ரோம் நகரின் கபேனா வாசலருகே இருந்த அவர் கோயிலில் வீரத்தின் தேவி விர்ட்டுஸையும் வைக்கத் தளபதி மார்செல்லஸ் விரும்பினார். குருக்கள் மறுத்துவிட்டார்கள். ஒரே கருவறையில் இருவர் இருக்க, அங்கே இடி விழுந்தால் யாருக்குப் பரிகாரம் செய்வது? விர்ட்டுஸுக்குத் தனியிடம் கட்டவேண்டியதாயிற்று.

உங்களுக்குப் பொருத்தமானவள் ஐடோஸ். தகாததைச் செய்யவிடாமல் மனிதரைத் தடுக்கும் நாணம் இவள். குறளின் நாணுடைமை அதிகாரம் பேசுவதும் இதைத்தான். செய்துவிட்டவன்மேல் எழும் நியாயமான கோபம் நெமெசிஸ். அதனால் இருவரையும் சேர்த்தே மேடையேற்றுங்கள், ஒருத்தி மட்டும் வந்தால் பாதிப் பொருள்தான் விளங்கும். உலகம் கெட்டுப்போகும்போது இருவரும் வெண்ணாடை போர்த்தி தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்குப் போய்விடுவார்கள் என்கிறார் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட். ஆகவே உடை வெள்ளை. ஐடோஸுக்கு முக்காடும் வேண்டும்: கணவன் ஒடிசியஸுடன் புறப்பட்ட பெனெலோப் முகத்தை மூடிக்கொண்ட இடத்தில்தான், ஸ்பார்ட்டா அருகே, அவள் தந்தை ஐடோஸ் சிலையை நிறுவினார் என்று பழங்காலப் பயண எழுத்தாளர் பாசனியஸ் எழுதியிருக்கிறார்.

கேள்வி: நெமெசிஸுக்குச் சிறகு வைக்கலாமா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கி.மு. 5ஆம் நூற்றாண்டுத் தோற்றம் வேண்டுமென்றால் வேண்டாம். சிறகு பிற்காலத்தில் பரவியது. ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிக்கா பகுதியின் ரம்னூஸ் கோயிலில் இருந்த பளிங்குச் சிலையே நல்ல மாதிரி: இடக்கையில் ஆப்பிள் கிளை, வலக்கையில் கிண்ணம், தலையில் மான்களும் சிறிய வெற்றித் தேவியரும் பொறித்த மகுடம். மகுடத்தை அட்டையில் வெட்டினால் மான்களைப் பெரிதாக வரையுங்கள். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமே.

கேள்வி: சிங்கப்பூரின் பாடாங் திடலை நோக்கிய பழைய உச்ச நீதிமன்றத்தின் முகப்பில் இருப்பவள் கிரேக்க நீதித் தேவியரில் தெமிஸா, டிக்கேயா? (வாசகி, பிடோக்)

பதில்: இருவருமல்ல. 1939இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு இத்தாலியச் சிற்பி நொல்லி செய்த பொதுவான நீதி உருவம் அது. தெமிஸ் தாய், டிக்கே மகள். டிக்கேயை மேடையேற்றினால் கண்ணைக் கட்டாதீர்கள். நீதிக்குக் கண்கட்டு வந்தது ஏறக்குறைய 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில். ஒலிம்பியாவில் இருந்த பழைய பேழையொன்றில் டிக்கே அநீதியின் கழுத்தை ஒரு கையால் நெரித்து, மறு கையால் தடியடி கொடுக்கிறாள். தராசை விடத் தடி பழையது.