கத்திக்கு முந்தைய பக்கங்கள்: நகர வன்முறையும் நம் எழுத்தாளர்களும் (கேள்வி பதில்)

உருதுவில் மண்ட்டோ, இந்தியில் பீஷ்ம சாஹ்னி, வங்காளத்தில் மகாஸ்வேதா தேவி, மராத்தியில் நாம்தேவ் தசால், தமிழில் அசோகமித்திரன் என்று நகரத்து வன்முறையை எழுதியவர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: மண்ட்டோவை இதுவரை படித்ததில்லை. நண்பர்கள் 'தண்டா கோஷ்த்'தில் தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்கலாமா?

வேண்டாம். அதுவும் 'கோல் தோ'வும் கடைசியில் வெடிக்கிற கதைகள். முதலிலேயே அவற்றைப் படித்தால், அடுத்த கதையில் வெடி எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடும். மண்ட்டோவின் பலம் வெடியில் இல்லை, அதற்கு முன்னால் அவர் அமைதியாக அடுக்கிவைக்கும் சாமான்களில் இருக்கிறது.

முதலில் 'மம்மது பாய்', பிறகு 'மோசெல்'. இரண்டும் பம்பாய்க் கதைகள். 1930களின் நடுவிலிருந்து 1948 ஜனவரி வரை, இடையில் தில்லி வானொலியில் இருந்த காலம் நீங்கலாக, அவர் வாழ்ந்த ஊர் அது. மூன்றாவதாக 'சியா ஹாஷியே'. பிரிவினைக் கலவரங்களைப் பற்றி 1948இல் வந்த தொகுப்பு, மொத்தம் 32 துணுக்குகள், சில இரண்டு மூன்று வரிதான். அரை மணியில் முடித்துவிடலாம், ஆனால் முடிக்காதீர்கள். ஒரு நாளைக்கு நாலைந்து போதும். மொத்தமாக விழுங்கினால் ஜோக்குப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு 'சஹாய்', 'டோபா டேக் சிங்'. 'தண்டா கோஷ்த்', 'கோல் தோ' இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துணுக்கைப் பாருங்கள். காலை ஆறு மணி. பெட்ரோல் பங்க் அருகே தள்ளுவண்டியில் ஐஸ் விற்பவனைக் கத்தியால் குத்திவிடுகிறார்கள். ஏழு மணி வரை உடல் தெருவில் கிடக்கிறது, ஐஸ் உருகி அதன் மேல் சொட்டுகிறது. போலீஸ் வந்து உடலை எடுத்துப் போகிறது. ஐஸும் ரத்தமும் அங்கேயே கிடக்கின்றன. ஒரு குதிரை வண்டி கடக்கும்போது உறைந்த சிவப்பைப் பார்த்த குழந்தை, அம்மாவை இழுத்து 'ஜெல்லி' என்று காட்டுகிறது. அவ்வளவுதான். செத்தவன் என்ன மதம், குத்தியவன் என்ன மதம் என்று ஒரு சொல் கிடையாது. நேரத்தை மட்டும் போலீஸ் ரைட்டர் எழுதுவது போலக் குறித்துக்கொண்டே வருகிறார்.

தமிழில் ராமாநுஜம் மொழிபெயர்ப்பில் மண்ட்டோ கிடைக்கிறார்.

கேள்வி: மம்மது பாய் ஒரு ரவுடி. அவனை நல்லவனாகக் காட்டுவது தாதாக்களைக் கொண்டாடுவதாகாதா சார்?

கொண்டாட்டமாக இருந்தால் கத்திச் சண்டை நம் கண் முன்னால் நடந்திருக்கும். அது நடக்கவில்லை. மம்மது பாய், கதைசொல்லியாக வரும் மண்ட்டோவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் 'விம்ட்டோ' என்று கூப்பிடுகிறவன், காய்ச்சலில் கிடக்கும் அவருக்கு டாக்டரைக் கூட்டிவருகிறவன். ஒரு பெண்ணின் மகளைக் கெடுத்தவனைக் குத்திக் கொல்கிறான். கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. கோர்ட்டில் முகம் பயங்கரமாகத் தெரியக் கூடாது என்று ஆளாளுக்குச் சொன்ன யோசனையைக் கேட்டு மீசையை எடுத்துவிட்டுப் போகிறான். அப்படியும் பம்பாயை விட்டு வெளியேறு என்றுதான் உத்தரவு வருகிறது. அவன் கலங்குவது ஊரை இழந்ததற்காக அல்ல, மீசைக்காக. அந்த வட்டாரத்தின் அச்சம் முழுவதும் அந்த மீசையில்தான் குடியிருந்தது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது.

இந்த வெளியேற்ற உத்தரவை அங்கே 'தடிபார்' என்பார்கள். இன்றைய மகாராஷ்டிரக் காவல் சட்டத்தின் 56ஆம் பிரிவிலும் உண்டு, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. குற்றம் நிரூபணமாகி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆள் ஆபத்தானவன், சாட்சி சொல்ல மற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று அதிகாரி கருதினால் போதும். நம்மூரில் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் வேறு வழியில் போகிறது: விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கும். அங்கே ஊருக்கு வெளியே, இங்கே சிறைக்கு உள்ளே. இது தெரிந்து படித்தால் கதையின் கடைசிப் பக்கம் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

கேள்வி: கலவரம் எப்படி மூளுகிறது என்பதை யார் நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள்?

பீஷ்ம சாஹ்னி. இந்தி நாவல் 'தமஸ்', 1973இல் வந்தது, 1975இல் சாகித்ய அகாதமி பரிசு.

முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். தோல் பதனிடும் நத்து ஓர் இருட்டுக் குடிசையில் இரவெல்லாம் ஒரு பன்றியோடு மல்லுக்கட்டுகிறான். அது சாகவே மாட்டேன் என்கிறது. கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று சொல்லி முராத் அலி என்பவன் முன்பணமாக ஐந்து ரூபாய் கொடுத்திருக்கிறான். நத்துவுக்கு அது ஒரு வேலை, அவ்வளவே. விடிந்ததும் பன்றி மசூதிப் படியில் கிடக்கிறது. ஒரு நகரத்தைப் பற்றவைக்க ஆன செலவு ஐந்து ரூபாய். பணத்தை வாங்கியவனுக்கு எதற்காக வாங்கினோம் என்றே தெரியாது.

அங்கிருந்து நகரம் எப்படிப் பற்றுகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: வதந்தி யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது, எந்தக் கடை முதலில் கதவைச் சாத்துகிறது, துணை ஆணையர் ரிச்சர்டிடம் யார் போய்க் கெஞ்சுகிறார்கள், அவன் எந்தச் சாக்கைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். கடைசியில் அமைதிக் குழுவின் பேருந்து கிளம்புகிறது. அதில் உட்கார்ந்து ஒற்றுமைக் கோஷம் போடுவது அதே முராத் அலி. அவசரமாகப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் சாஹ்னி அதை அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை.

கதை 1947இன் பஞ்சாப். ஆனால் எழுதவைத்தது மகாராஷ்டிரத்தின் பிவண்டி. 1970 கலவரத்துக்குப் பிறகு அந்த ஊரைப் போய்ப் பார்த்தபோதுதான் தன் ராவல்பிண்டி நாட்கள் திரும்பிவந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். விசைத்தறி ஊர் எரிந்து கிடந்ததைப் பார்த்தவருக்கு 23 ஆண்டுப் பழைய நகரம் நினைவுக்கு வந்திருக்கிறது.

கேள்வி: மகாஸ்வேதா தேவியின் '1084-ன் அம்மா' நாவலில் எனக்கு நக்சல் அரசியல் புரியவில்லை. வரலாறு படித்துவிட்டு வரவேண்டுமா?

ஒரு பக்கக் குறிப்பு போதும். 1967இல் நக்சல்பாரியில் விவசாயிகள் கிளர்ச்சி, அதைத் தொடர்ந்து கல்கத்தா மாணவர்கள் இயக்கத்துக்குள் போனது, 1970-71இல் அவர்களைத் தேடி நகரத்துக்குள்ளேயே நடந்த வேட்டை. அதற்கு மேல் தேவையில்லை, ஏனென்றால் கதை நாயகி சுஜாதாவுக்கும் அரசியல் தெரியாது. பிரதி என்ற தன் மகனை அவள் அறிந்துகொள்ளும் வேகத்தில்தான் நாமும் அறிகிறோம்.

1084 என்பது பிணவறையில் அவள் மகனின் எண். செய்தி வந்ததும் அப்பா என்ன செய்கிறார் என்று பாருங்கள். மகன் பெயர் பத்திரிகையில் வராமல் இருக்க ஆளைப் பிடிக்க ஓடுகிறார். காந்தாபுகூர் பிணவறை வாசலில் தன் கார் நிற்கக் கூடாது என்கிறார், யாராவது அடையாளம் கண்டுவிட்டால்? சுட்டவர்கள் தெருவில் இருந்தார்கள் என்றால், இந்த வன்முறை சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. மகாஸ்வேதா தேவியின் கோபம் முதலாவதைவிட இரண்டாவதன் மேல்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நாவல் முழுதும் ஒரே நாள்: காலை, பிற்பகல், மாலை, இரவு. அந்த நாள் முழுக்க சுஜாதாவுக்கு வயிற்றில் குடல்வால் வலி, மாத்திரை போட்டுக்கொண்டே நடமாடுகிறாள். வலி வரும் இடங்களைப் பென்சிலால் குறித்துவையுங்கள். முடிவு ஏன் அப்படி என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி: நாம்தேவ் தசாலின் கவிதைகள் ஆங்கிலத்தில் படித்தேன். பாதி புரியவில்லை. மொழிபெயர்ப்பின் கோளாறா?

இல்லை. 1972இல் 'கோல்பிட்டா' கவிதைத் தொகுப்பு வந்தபோது அதற்கு முன்னுரை எழுதிய விஜய் டெண்டுல்கருக்கே பல சொற்களுக்கு தசாலிடம் அர்த்தம் கேட்க வேண்டியிருந்தது. மராத்தியின் பெரிய நாடகாசிரியருக்கே அந்தக் கதி. மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியான காமாட்டிபுரா வட்டாரத்துப் பேச்சு, சந்தைக் கணக்கு, வசவு, புராணம் எல்லாம் ஒரே வரியில் வந்து மோதும். திலீப் சித்ரேயின் ஆங்கிலம் நம்பத்தக்கது. சொல் சொல்லாக அகராதி பார்க்காமல் ஒரு கவிதையைச் சத்தமாக மூன்று முறை வாசியுங்கள். வசவு எங்கே முடிந்து மன்றாட்டு எங்கே தொடங்குகிறது என்று காதுக்குத் தெரியும்.

கேள்வி: அவர் பிற்காலத்தில் போன அரசியலைப் பார்த்த பிறகும் படிக்கத்தான் வேண்டுமா?

தலித் பாந்தர்கள் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர் நெருக்கடி நிலையை ஆதரித்ததும், பிறகு சிவசேனை பக்கம் போனதும் உண்மை. மறைக்க வேண்டாம். 1972இன் புத்தகம் 1972இல் எழுதப்பட்டது.

கேள்வி: தமிழில் இப்படி யார்?

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வந்த நாவல், களம் 1948ஐ ஒட்டிய செகந்திராபாத். நிஜாம் ஆட்சி, அதை ஆதரித்த ஆயுதப் படையான ரஜாக்கர்கள், செப்டம்பரில் நுழையும் இந்திய ராணுவம் எல்லாம் உண்டு, ஆனால் சந்திரசேகரன் என்ற கல்லூரிப் பையனின் கிரிக்கெட்டுக்கும் சைக்கிளுக்கும் நடுவில்தான் வரும். 'கதை எப்போது தொடங்கும்?' என்று பலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். கதை அதுதான்: அடுத்த வீட்டுக்காரனோடு பேச்சு குறைவது, மைதானத்தில் யார் வருவதில்லை என்று கவனிப்பது. கடைசிப் பக்கத்தில் அவன் ஓடி நுழையும் வீட்டில் ஒரு பெண் தன் குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னையே முன்வைக்கிறாள். (தெரிந்து படித்தாலும் பாதகமில்லை, கை நடுங்கும்.) மைதானத்தையே உலகமாக நினைத்த பையன் அங்கே என்ன ஆகிறான் என்பதற்குத்தான் இத்தனை கிரிக்கெட்.

இன்னொன்று ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே', 1974. கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். '1084-ன் அம்மா'வும் 1974இல்தான் நூலாக வந்தது, அதுவும் ஒரே நாள். ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் அதே அளவுகோலை எடுத்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் படித்துப் பாருங்கள்.

இன்றைய மும்பையைத் தமிழில் பார்க்க வேண்டுமென்றால் அம்பையின் துப்பறிவாளர் சுதா குப்தா கதைகள்.

கேள்வி: மும்பைக் கதைகளைத் தமிழாக்க முயல்கிறேன். ரவுடிகள் பேச்சை மெட்ராஸ் பாஷையில் கொண்டுவரலாமா?

கூடாது. 'இன்னா நைனா' என்று எழுதிய நொடியில் வாசகர் மும்பையின் நாக்பாடாவிலிருந்து சென்னை ராயபுரத்துக்கு வந்துவிடுவார். சாதாரணப் பேச்சுத் தமிழ், குட்டை வாக்கியம், அங்கங்கே மூலச் சொல், போதும். 'சால்' என்பதை 'அடுக்குமாடி' ஆக்காதீர்கள். ஒரே நடை, வரிசை அறைகள், பொதுக் கழிப்பறை என்று முதல் இடத்தில் கதைக்குள்ளேயே காட்டிவிட்டால் மும்பைத் தமிழர் போல 'சால்' என்றே தொடரலாம்.

சிக்கலான சொல் 'சுபாரி'. நேர்ப்பொருள் பாக்கு. ஆளைக் கொல்லப் பேசும் தொகைக்கும் அதே பெயர். 'கூலிப்படை' என்று போட்டால் ஆட்கள் வந்துவிடுவார்கள், பேரம் போய்விடும். நமக்கோ பாக்கு வைத்து அழைப்பது கல்யாணத்துக்கு. அந்த முரணையே பயன்படுத்தலாம்: 'சுபாரி' என்றே விட்டு, ஒரு பாத்திரம் வாயால் 'பாக்கு மாத்தியாச்சு' என்று சொல்லவைத்தால் பேரமும் வரும், குளிரும் வரும்.

கேள்வி: எங்கள் ஊரில் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். கலவரக் கதை எடுத்தாலே சண்டையில் முடிகிறது. என்ன செய்வது?

எட்டிலிருந்து பத்துப் பேர், 90 நிமிடம், ஒரே ஒரு சிறுகதை. நாவல் எடுத்தால் பாதிப் பேர் படிக்காமல் வருவார்கள், படிக்காதவர்கள்தான் பொது அரசியலுக்கு இழுப்பார்கள். சண்டைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முதல் 20 நிமிடம் கதையைச் சத்தமாக வாசியுங்கள். அடுத்த அரை மணியில் ஒவ்வொருவரும் கதையில் உள்ள ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேச வேண்டும். 'மோசெல்' என்றால் அவள் மாடிப்படியில் டக்டக்கென்று வரும் மரச்செருப்பு. அதைப் பற்றிப் பேசுகிறவரால் எந்தக் கட்சியையும் திட்ட முடியாது, அதோடு முடிவில் அந்தச் செருப்பு என்ன செய்கிறது என்று தானே போய்ச் சேருவார். மீதி நேரம் திறந்த பேச்சு. கூட்டத்தில் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருக்கக்கூடும் என்பதால், எந்தக் கதை என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வராமல் இருக்கவும் அவருக்கு வழி வேண்டும்.

கேள்வி: ஆய்வேட்டில் இக்கதைகளைச் சான்றாகக் காட்டலாமா?

எண்ணிக்கைக்குக் காட்டக் கூடாது. 1992-93 மும்பைக் கலவரத்தில் இறந்தவர் 900 பேர் என்பதற்கு ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை இருக்கிறது, 1998. எண்ணிக்கையை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குக் கதைக்கு வாருங்கள். 'சஹாய்' அதைப் பற்றியதுதான்: லட்சம் இந்துக்கள், லட்சம் முஸ்லிம்கள் என்று பிரித்துச் சொல்லாதே, இரண்டு லட்சம் மனிதர்கள் என்று சொல் என்கிறது.

கேள்வி: நகரத்தில் நடக்கும் ஒரு கொலை முயற்சியைக் கதையாக எழுதுகிறேன். எல்லோரும் 'சினிமா மாதிரி இருக்கிறது' என்கிறார்கள்.

அடியை நீளமாக எழுதியிருப்பீர்கள். நிஜத்தில் அது சில நொடி. அந்த நொடிக்கு நாலு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். முன்னால் இருக்கும் கடன், வாடகை, வாய்த்தகராறு இவற்றுக்குப் பத்துப் பக்கம், பின்னால் வரும் ஜி.எச்., ஸ்டேஷன் அலைச்சலுக்குப் பத்துப் பக்கம். ஜி.எச்.சில் முதலில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு: எத்தனை பேர், என்ன ஆயுதம், தெரிந்தவரா தெரியாதவரா என்று டாக்டர் கேட்டு எழுதுவார். வலியில் இருப்பவன் அங்கே சொல்லும் ஒரு வார்த்தை பின்னால் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு வரும். உங்கள் கதைக்கு அந்த மேசை, கத்தியைவிட உதவும்.

கதை நடக்கும் தேதியையும் சரிபாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன் என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலை 302, கொலை முயற்சி 307. அதற்குப் பின் நடந்த குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103, 109. தடை உத்தரவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 அல்ல, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. ஆனால் எஃப்.ஐ.ஆரில் மட்டும் மாற்றுங்கள். டீக்கடையில் நிற்பவர்கள் இன்னும் '144 போட்டுட்டாங்க' என்றுதான் சொல்கிறார்கள்.