சிகிச்சையை நிறுத்தாமல் மருத்துவமனையை விரிவாக்க முடியுமா?

கேள்வி: பினாங்கில் ஒரு தனியார் மறுவாழ்வு மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களும் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களும்தான் எங்களிடம் அதிகம். பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, பக்கத்தில் புதிய பிளாக் கட்டப் போகிறோம். ஆறு மாதம் மூடிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் குத்தகையாளர். மூடலாமா?

பதில்: மூடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் தேறி வருவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அந்த நேரத்தில் பயிற்சி விட்டுப்போனால் பிறகு ஈடுகட்டுவது கஷ்டம்.

வேலையின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். முதலில் புதிய பிளாக். பயிற்சிக்கூடமும் ஒரு வார்டும் அங்கே குடியேறி, லிஃப்ட், கழிப்பறை எல்லாம் சரியாக ஓடுகின்றன என்று பார்த்த பிறகே பழைய கட்டடத்தில் கை வையுங்கள். அதையும் பகுதி பகுதியாக. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி விரிவாக்கத்துக்கு முன் அனுமதி தேவை. அந்த விண்ணப்பத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

அப்புறம் நடைபாதை. மற்ற மருத்துவமனைகளில் அது வெறும் வழி. உங்களிடம் நோயாளி நடந்து பழகும் இடமே அதுதான். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், இடப்பக்கம் இருப்பதைக் கவனிக்கவே மாட்டார்கள். கண் நன்றாகத் தெரியும், ஆனால் மனத்தில் பதியாது. தடுப்புப் பலகையின் முட்டுக்கால் இடப்பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தாலும் நேராகப் போய் இடித்து விழுவார். தற்காலிகச் சாய்தளத்தையும் அளந்து பாருங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது வேண்டும். ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன், தெரபிஸ்ட் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வார்டிலிருந்து பயிற்சிக்கூடம், கழிப்பறை, அவசர வாசல் வரை தானே தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு சுவரை இடிக்கலாம்.

தூசி வெறும் அழுக்கு அல்ல. பழைய கூரையையும் சுவரையும் உடைக்கும்போது பூஞ்சை வித்துகள் பறக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு அது நுரையீரலில் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வேலை நடக்கும் இடத்தை மறைக்கும் தடுப்பு, பொய்க்கூரையோடு நின்றுவிடக் கூடாது, மேலே கான்கிரீட் தளம் வரை போய் மூட வேண்டும். குத்தகையாளர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். வேலை நடக்கும் பக்கத்துக் காற்றை ஃபில்டர் வழியாக வெளியே இழுக்கும் இயந்திரமும் ஓட வேண்டும். மூடிய பகுதியின் குழாய்களில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும் என்பதால், திரும்பத் திறக்கும் முன் நன்றாக ஓடவிட்டுப் பரிசோதியுங்கள்.

ஏர்கோனை நிறுத்தும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. நம்மூர் வெயிலில் ஒரு மதியம் ஏர்கோன் இல்லாவிட்டாலே உடம்பு கொதித்துவிடும்.

நோயாளிகளை மாற்றும் நாளை மழை வலுக்கும் செப்டம்பர், அக்டோபரில் வைக்காதீர்கள். உங்கள் மருத்துவமனை தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் என்றால் தைப்பூச வாரமும் வேண்டாம், ஆம்புலன்ஸ் நகராது.