டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. பெரம்பூர் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்லுவான், எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவான். போன வருடம் பரிசோதித்துப் பார்த்ததில் டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்), கூடவே கொஞ்சம் கவனச் சிதறலும் இருக்கிறது என்றார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பள்ளியில் கொடுத்த பிறகுதான் பிரச்சினையே ஆரம்பித்தது. போன வாரம் பிரின்சிபல் கூப்பிட்டு, "மாசம் 15,000 கொடுத்து கிளாஸ்ல அவன் கூடவே உட்கார்ந்து உதவ நீங்களே ஒரு ஷேடோ டீச்சர் வெச்சுக்குங்க. இல்லைன்னா மார்ச்சுல டி.சி. வாங்கிடுங்க. உங்க பையனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் செட் ஆகும்" என்றார். சண்டை போட்டால் பிள்ளையைத்தான் பழிவாங்குவார்கள், பேசாமல் வேறு பள்ளி பார்ப்போம் என்கிறார் என் கணவர். எனக்குத் தூக்கமே இல்லை. அவனுடைய நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது? (பெரம்பூர் வாசகி)

பதில்: முதலில் அந்த நோட்டுப் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரி முழுசாக இருக்கிறது. இரண்டாம் வரி பாதியில் அறுந்து நிற்கிறது. 'சோழர்கள்' மூன்று விதமாக வந்திருக்கிறது, மூன்றாவதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. கீழே சிவப்பு மையில் 'இன்கம்ப்ளீட்', இரண்டு முறை அடிக்கோடு. ஆனால் மார்ஜினில் ஒரு பஸ் வரைந்திருக்கிறான் பாருங்கள், 29சி. பின்படிக்கட்டு, ஜன்னல் கம்பி, விசிலோடு கண்டக்டர். முன்பலகையில் 'பெசன்ட் நகர்'. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. இந்தப் பையனுக்கா ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி என்று ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பதினோரு வருடம் ஒரு பள்ளியில் சிறப்பாசிரியராக இருந்தவள். நீங்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எங்களுக்கு இருந்த ஒரே கண்டிப்பான உத்தரவு என்ன தெரியுமா? "பேரண்ட்ஸ்கிட்ட எதையும் எழுதிக் கொடுக்காதீங்க." வேறு பள்ளி பாருங்கள் என்று ஒரு தாயிடம் நானே சொல்லியிருக்கிறேன். சொன்ன அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம், ஆனால் சொன்னேன். வாயால் மட்டும். அந்த அம்மா மறுநாளே, "சொந்தக் காரணங்களுக்காக என் மகளின் மாற்றுச் சான்றிதழைக் கோருகிறேன்" என்று எழுதிக் கொடுத்து டி.சி. வாங்கிப் போனார். பள்ளிப் பதிவேட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். பள்ளி அனுப்பியதாக ஒரு வரிகூட இருக்காது.

அதனால்தான் முதல் வேலையாகச் சொல்கிறேன்: டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்களாக டி.சி.யைக் கையில் திணிப்பது சுலபமில்லை, உங்கள் விண்ணப்பம் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 16-ஆம் பிரிவின்படி, சேர்த்துக்கொண்ட பிள்ளையை எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. உங்கள் மகன் ஐந்தாவது. இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. 'இவனுடைய முன்னேற்றத்துக்கு நாங்களே பொறுப்பு' என்கிற மாதிரி ஏதாவது தாளை நீட்டினாலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் அந்தத் தாள் திரும்ப மேஜை டிராயருக்குள் போய்விடும்.

உங்கள் பள்ளி சிறுபான்மைப் பள்ளியாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு முக்கியமான சட்டம் அது இல்லை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பழைய 1995 சட்டத்தில் டிஸ்லெக்ஸியா கிடையாது. புதிய சட்டத்தின் 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பெயரில் அது இருக்கிறது. இதிலும் 16-ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டும்: அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு இல்லாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவனுக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். அடுத்த பிரிவில் தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் வருகிறது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது இந்தச் சட்டம். அப்புறம், ஷேடோ டீச்சருக்குப் பெற்றோர் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று இதில் எங்கேயும் இல்லை. சென்னையில் அது ஒரு வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள், முடியாதவர்கள் டி.சி. வாங்குகிறார்கள்.

பிரின்சிபலிடம் இதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம். பிரிவு எண்ணை எடுத்து வீசினால் அந்த நிமிடமே அவர் வக்கீலைத் தேடுவார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மேடம், நம்ம ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேட்டர் யாரு? நான் அவங்களைப் பார்க்கணும்." 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன்பேரில் 2022-இல் மத்திய அரசு ஒரு விகிதம் அறிவித்திருக்கிறது: தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் எட்டாவது வரை 15 பேருக்கு ஒருவர். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை என்றால், இல்லாத ஆளுக்குப் பதிலாகத்தான் உங்களிடம் 15,000 கேட்கிறார்கள். அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் விழும் மௌனமே சொல்லிவிடும்.

சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். கணவரோ அண்ணனோ, யாராவது ஒருவர் கூட வரட்டும். அவர் பேச வேண்டாம், குறிப்பு எடுத்தால் போதும். முழு ஃபைலையும் தூக்கிக்கொண்டு போனால் யாரும் படிக்க மாட்டார்கள், ஒரே ஒரு பக்கம் எடுத்துப் போங்கள். அதில் நீங்கள் கேட்பது சின்னச் சின்ன, காசில்லாத விஷயங்களாக இருக்கட்டும். முதல் பெஞ்சில் இடம். போர்டில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து நகல் எடுத்துக்கொள்ள அனுமதி. வகுப்பு எதிரில் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருப்பது. வகுப்புத் தேர்வில் கால் மணி நேரம் கூடுதல், எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காமல் விடைக்கு மட்டும் மார்க். இதில் எதை மறுத்தாலும் மறுப்பவருக்குத்தான் காரணம் சொல்வது கஷ்டம். 'என் பிள்ளையைப் புரிந்துகொள்ளுங்கள்' என்று கேட்டால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். 'முதல் பெஞ்ச்' என்று கேட்டால் சரி அல்லது முடியாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், சமையலுக்குப் போவதற்கு முன், ஒரு மெயில் போட்டுவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"இன்று காலை 11 மணிக்கு என்னைச் சந்தித்ததற்கு நன்றி. என் மகனுக்காக நான் கேட்ட நான்கு வசதிகளில் முதல் இரண்டைத் திங்கள் முதல் செய்வதாகச் சொன்னீர்கள். நாங்கள் சொந்தச் செலவில் ஷேடோ டீச்சர் வைக்க வேண்டும், இல்லையேல் மார்ச்சில் மாற்றுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும் சொன்னீர்கள். மாற்றுச் சான்றிதழ் பெற எங்களுக்கு விருப்பமில்லை. நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் தெரிவிக்கவும்."

கோபம் இல்லை, சட்டம் இல்லை, மிரட்டல் இல்லை. ஆனால் காற்றோடு போயிருக்க வேண்டிய பேச்சுக்கு இப்போது தேதியும் நேரமும் கிடைத்துவிட்டன. பதில் வராது, வராவிட்டால் போகட்டும். அதையே காகிதத்திலும் எழுதி ஆபீசில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட் இருக்கவே இருக்கிறது.

உங்கள் கணவரின் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். பழிவாங்குவது உண்டு. அடிக்க மாட்டார்கள். ஆண்டு விழா நடனத்திலிருந்து பெயர் போய்விடும், சுற்றுலா அன்றைக்குச் சுற்றறிக்கை வந்து சேராது. இப்படி நுணுக்கமாக நடக்கும். ஆனால் என் அனுபவத்தில், எழுதி வைத்த பெற்றோரின் பிள்ளையிடம் பள்ளி ஜாக்கிரதையாகத்தான் நடந்துகொள்ளும். அழுதுவிட்டுப் போன பெற்றோரின் பிள்ளையிடம்தான் அலட்சியம். இன்னொன்று, கிளாஸ் டீச்சரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வகுப்பில் நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள், சிலபஸ் முடிக்கச் சொல்லி மேலேயிருந்து நெருக்கடி, வாசலில் '100 சதவீதத் தேர்ச்சி' பேனர். அந்தச் சிவப்பு மை அடிக்கோட்டில் பாதி அந்த அம்மாவின் களைப்பு. கடிதத்தில் அவர் பெயரைக் குறையாக எழுத வேண்டாம். அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைத் தேடிப் பிடித்து நன்றி சொல்லி எழுதுங்கள். பிள்ளையோடு தினம் ஆறு மணி நேரம் இருப்பவர் பிரின்சிபல் இல்லை, அவர்தான்.

ஃபீஸ் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். ஒரு தவணை பாக்கி இருந்தால் போதும், மொத்த விவகாரமும் ஃபீஸ் தகராறாகிவிடும்.

இதற்கிடையில் அரசு சான்றிதழ் வேலையையும் தொடங்கிவிடுங்கள். உங்களிடம் இருப்பது தனியார் ரிப்போர்ட். வகுப்பறை வசதிகளைக் கேட்க அது போதும். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைகளுக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பல வீடுகளில் இதற்குப் பத்தாம் வகுப்பு டிசம்பரில்தான் ஓட ஆரம்பிக்கிறார்கள். சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் வருமா வராதா என்று இப்போதே கவலைப்படாதீர்கள், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அந்த எண்ணைக் கேட்பதில்லை. பயிற்சிக்குத் தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கிறது. இதே பாதையில் நடந்த பெற்றோரோடு பேச வேண்டும் என்றால் கோட்டூர்புரம் வித்யாசாகருக்குப் போய்ப் பாருங்கள்.

இரண்டு வாரம் பார்த்தும் அசையவில்லையா? பள்ளித் தாளாளருக்கு ஒரு கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் புகாரைப் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் மனு எழுதி, சீல் வாங்கிய நகல்களை இணைத்தால் போதும். சம்மன் அனுப்பவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். அந்தத் தொகைக்கு எந்தப் பள்ளியும் நடுங்காது. ஆனால் 'பதிவேடுகளுடன் ஆஜராகவும்' என்று ஒரு கடிதம் வந்தால், முதல் பெஞ்சில் இடம் கொடுப்பது சுலபம் என்று தோன்றிவிடும். ஆணையர் தருவது பரிந்துரைதான், பள்ளிக்கு அவர் பூட்டுப் போட மாட்டார். அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

பள்ளியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெயித்த பிறகும் பிள்ளை காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டால் மாற்றிவிடுங்கள். அடுத்த பள்ளியில் இடம் உறுதியான பிறகு, நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில். மார்ச் கெடுவுக்குப் பயந்து வேண்டாம்.

இதையெல்லாம் அவன் காதில் விழும்படி பேசாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 'டி.சி.' என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். அப்புறம், சந்திப்புக்கு ஒரு பக்கம் எடுத்துப் போகச் சொன்னேனே, அதன் பின்புறத்தில் அந்த 29சி-யை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிரின்சிபல் தாளைத் திருப்பும்போது பார்க்கட்டும்.