வழி இருந்தும் போகிறார்கள்

கேள்வி: தொழில் கொழிக்கும் கொங்கு நாட்டில் வேறு வழியில்லாத பையன்கள்தானே பட்டாளத்துக்குப் போகிறார்கள்? அதைத் தேசபக்தி என்று மேடையில் முழங்குவது ஏமாற்று வேலை இல்லையா?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: 'வேறு வழியில்லாத' என்று பெருந்துறையில் இருந்துகொண்டு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் ஊர் சிப்காட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும் வாசல்களை நீங்கள் பார்த்ததில்லையா? திருப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டெய்லர், செக்கிங், கைமடி என்று சுவரெல்லாம் நோட்டீஸ். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி இருக்கிறது. நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. உடம்பில் தெம்புள்ள பையனுக்கு இங்கே கூலி வேலை கிடைக்காமல் போவதில்லை. அப்படியிருந்தும் விடிவதற்கு முன்னால் கோபியிலும் சென்னிமலையிலும் வாய்க்கால் கரையில் மூச்சிரைக்க ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள். கையெட்டும் தூரத்தில் இருக்கிற வேலையை இவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

ரிக் வண்டியையே எடுத்துக்கொள்வோம். திருச்செங்கோட்டு ரிக் வடமாநிலம் முழுக்கப் போகிறது, ஆப்பிரிக்கா வரை போகிறது. டிரில்லராகப் போகிற பையன் மத்தியப் பிரதேசத்து வெயிலில், பேர் தெரியாத காட்டில், வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குகிறான். பகலும் இரவும் கம்ப்ரசர் சத்தம். மூக்கிலும் வாயிலும் கல்தூசி. மழைக்காலம் வந்து வண்டி ஊர் திரும்பினால்தான் வீட்டுச் சோறு. ராடு விழுந்து கை போனால், முதலாளி நல்லவராக இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். இல்லையென்றால் அதுவும் கிடையாது. வீட்டை விட்டுப் போவதும், பாஷை தெரியாத ஊரில் காலம் தள்ளுவதும், உயிரைப் பணயம் வைப்பதும் நம் பையன்களுக்குப் புதிதல்ல. 2022 வரை பட்டாளம் அவர்களுக்குத் தந்தது வேறு. வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. வீட்டாருக்கும் ராணுவ ஆஸ்பத்திரி, கேன்டீன். 15 வருடம் முடித்தால் சாகும்வரை பென்ஷன், அதற்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப பென்ஷன். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துச் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வளர்ந்த வீட்டில், ஆர்டர் இல்லாத மாதங்களைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, ஒன்றாம் தேதி தவறாமல் வரும் பணம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் "பையனுக்கு நெலையான வேலைங்களா?" என்பதுதான் இன்று முதல் கேள்வி. நாலு ஏக்கர் தோட்டம் இருந்தும் முப்பத்தைந்து வயதுவரை பெண் கிடைக்காமல், கேரளத்தில் போய்ச் சம்பந்தம் பேசுகிற ஊர் இது.

பணத்தோடு இது முடியவில்லை. கொங்கு கிராமங்களில் ஐம்பது வயது தலித் மனிதரை ஆதிக்க சாதியின் பத்து வயதுப் பையன் பேர் சொல்லி, 'வாடா' என்று கூப்பிடுகிற வழக்கம் இருந்தது. சில ஊர்களில் இன்னும் சாகவில்லை. டீக்கடையில் தலித்துகளுக்குத் தனியாக வைக்கும் இரட்டைக் குவளையைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியபோதெல்லாம் 'ஊர் மானத்தை வாங்காதீர்கள்' என்று கடிதம் வந்தது. ஊர் மானம் போவது குவளையால்தான் என்று அப்போதும் எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன். தலித் தெருவிலிருந்து ஒரு பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டால், அவன் லீவில் வரும்போது 'மிலிட்டரிக்காரர் வந்திருக்கார்' என்கிறார்கள். வீட்டுக்கு வழி கேட்டால் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று கை காட்டுகிறார்கள். அவன் அப்பாவை அதற்குப் பிறகு 'டா' போட நாக்குக் கூசுகிறது. இந்த ஒன்றுக்காகவே போன பையன்களை எனக்குத் தெரியும். இது வேறு வழியில்லாமல் செய்ததல்ல. யோசித்து, கணக்குப் போட்டு, ஓடிப் பழகி எடுத்த முடிவு.

ராணுவத்தில் சாதியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜாட், ராஜ்புத் என்று பெயர் வைத்த ரெஜிமெண்டுகள் இன்றும் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு மூன்று பிரிவினரை மட்டும் எடுப்பது நாட்டுக்கே அவமானம். இந்த 'வீரப் பரம்பரை' நோயை வெள்ளைக்காரன் வளர்த்தான். 1880களில் மெட்ராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் போன்றவர்கள் தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார்கள். மெட்ராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் ஆள் போதாமல் 1940களில் மறுபடி திரட்டினார்கள். அந்த மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குத்தான் இன்று குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் தலைமையிடம். நம் ஊர் மேடைகளிலும் அதே பரம்பரைப் பேச்சு ஓடுவதுதான் எனக்கு ஆறவில்லை. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை ஆடி மாதம்தோறும் ஒரு சாதிக்குள் அடைக்கிறார்கள். அவர் படையில் உயிரைக் கொடுத்த பொல்லான் அருந்ததியர். அவர் பெயரை அந்த மேடைகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

இனி தேசபக்திக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 8ஆம் தேதி சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்டோர் இறந்தார்கள். நெருப்புக்கு நடுவே முதலில் தண்ணீர்க் குடத்தோடும் போர்வையோடும் ஓடியவர்கள் அந்த ஊர் ஜனங்கள். உடல்களைச் சூலூருக்குக் கொண்டு போன வழியெல்லாம் மக்கள் நின்று பூப்போட்டார்கள். யாரும் லாரி வைத்து அழைத்து வந்த கூட்டம் அல்ல அது. அந்த உணர்ச்சி இங்கே இருக்கிறது. அதைப் பார்த்து வளர்கிற பையனிடமும் இருக்கிறது. சம்பளத்துக்காகப் போகிறான், ஆகவே அவன் பக்தி பொய் என்பது உங்கள் வாதம். வாத்தியாரும் நர்சும் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களிடம் இப்படிக் கேட்பீர்களா? மேடையில் முழங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பாததுதான் ஏமாற்று வேலை. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962இலிருந்து இருக்கிறது. அதிகாரியாகப் போவதற்கு வீட்டு வாசலிலேயே ஒரு படிக்கட்டு. மில்லும் எக்ஸ்போர்ட் கம்பெனியும் வைத்திருக்கிற நம் பெரிய குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் நினைப்பாவது போயிருக்கிறது?

இதைவிடப் பெரிய ஏமாற்று வேலை 2022 ஜூனில் நடந்தது. உடல் தகுதித் தேர்வெல்லாம் முடித்து, கொரோனாவால் தள்ளிப்போன எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்த பையன்களைக் கைவிட்டு அக்னிபாத் என்ற புது ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. பதினேழரை வயதில் எடுத்து நான்கு வருடத்தில் அனுப்பிவிடுவது. 100 பேரில் 25 பேருக்கு மேல் நிரந்தரம் கிடையாது. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் வருடம் 40,000. அதில் 30 சதவீதம் பிடித்தம். வெளியே வரும்போது கையில் சுமார் 11.71 லட்சம். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை. எல்லையில் செத்தால் 48 லட்சம் காப்பீடும் கருணைத் தொகையும் உண்டு; குடும்ப பென்ஷன் கிடையாது. விடுப்பும் வருடத்துக்கு 30 நாள்தான். முதல் அணியின் நான்கு வருடம் 2026 கடைசியில் முடியத் தொடங்குகிறது. ரிக்கை விட்டு, தறியை விட்டு எந்த நிலைத்த வாழ்வுக்காகப் போனானோ, அதை எடுத்து வைத்துக்கொண்டு சீருடையை மட்டும் கொடுக்கிறது அரசு. அப்படியும் போகிறார்கள். அந்த 25இல் ஒருவனாக வருவேன் என்று ஒவ்வொருவனும் நம்புகிறான். இருபத்தி இரண்டு வயதில் திரும்பி வருகிறவனிடம் திருப்பூர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குக் கேட்பார்கள். இந்த அநியாயத்தைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பதில் எழுதுகிறேன்.

தேர்வு இப்போது முதலில் கம்ப்யூட்டரில் நடக்கிறது. தமிழிலேயே எழுதலாம், நல்லது. அதற்கப்புறம் ஓட்டம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். பத்து புல்-அப், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டல். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு உறைவிடப் பள்ளிகளைப் பற்றி நான் எழுதுவது உங்களுக்குச் சலித்திருக்கலாம், எனக்குச் சலிக்கவில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுத்து, நாலு சுவருக்குள் வைத்து மார்க் வாங்க வைத்த பிள்ளைகள் நானூறு மீட்டரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் மைதானம் இருக்கிறது, ஆனால் கேட்டில் பூட்டு. பையன்களுக்கு மிஞ்சியது கீழ்பவானி வாய்க்கால் கரை. பவானிசாகரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கரை நனைக்கிற வாய்க்கால். அதன் மண்கரைக்கும் கான்கிரீட் போடக் கிளம்பினார்கள். கசிவு நீரை நம்பிய கிணறுகள் என்னாகும், கரை மரங்கள் என்னாகும் என்று விவசாயிகள் போராட வேண்டியிருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மதகைச் சரிசெய்யட்டும், திருட்டு மோட்டாரைப் பிடுங்கட்டும், கரையை விட்டு வைக்கட்டும்.

ஐயா, நீங்கள் ஒரு உதவி செய்யலாம். பெருந்துறையைச் சுற்றி எந்தெந்த அரசுப் பள்ளி மைதானம் காலை ஐந்து மணிக்குப் பூட்டிக் கிடக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். பள்ளிக்கல்வித் துறைக்கு முகவரியிட்டு, பள்ளிப் பெயர்களோடு அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.