பாசார் மாலாம் ஏன் ருசிக்கல?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 43, பேக்டரில ஷிப்ட் வேலை. முடி கொட்டுது, இடது கண்ணு துடிக்குது, முதுகு வலி, தூக்கம் இல்ல. இன்டர்நெட்ல பாத்தா கார்ட்டிசோல்ங்கிற டென்ஷன் ஹார்மோன் ஏறிடுச்சுன்னு போட்டிருக்கு. பிரிட்டான் மாத்திரை போட்டுத்தான் தூங்குறேன். முன்ன வாராவாரம் தங்கச்சியோட பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) போவேன், எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இப்ப போனாலும் ஒண்ணும் தோண மாட்டேங்குது. எங்கம்மா கடைசி காலத்துல சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. - வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: கண்ணு துடிக்கிறத விடுங்கம்மா, தூக்கம் கெட்டா யாருக்கும் துடிக்கும், தானா நின்னுரும். முதுகு ஷிப்ட்ல நின்னே வலிக்குது. கார்ட்டிசோல் கதைய மட்டும் என்கிட்ட கொண்டு வராதீங்க, அந்த வீடியோவ காட்டாத பேஷண்ட்டே இல்ல இப்ப, நிஜமா அது ஏறுற வியாதி ரொம்ப அபூர்வம்.

நீங்க கேக்க வந்தது கடைசி ரெண்டு வரி.

வேலைக்குப் போற எல்லாருக்கும் நேரம் பத்தல. முன்ன ரப்பர் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடியே பால்மரத்துக்குப் போயிருவாங்க, குளிர்ல தானே பால் நல்லா ஓடும், மத்தியானத்துக்கு மேல வேலை முடிஞ்சு லயத்து வாசல்ல உக்காந்து வெத்தல போட்டுட்டு ஊர்க்கதை பேசுவாங்க, அதுக்குன்னு யாரும் நேரம் ஒதுக்கல, அது பாட்டுக்கு நடந்துச்சு. இப்ப பேக்டரி பஸ், ஓவர்டைம், வீட்டுக்கு வந்தா சமையல். அதனால சந்தோஷம் கொறஞ்சா அது வியாதி இல்ல, ஒரு நாள் லீவு கெடைச்சு பாசார் மாலாம்ல அப்பாம் பாலிக் வாங்கி தின்னா திரும்பி வந்துரும்.

உங்களுக்கு நேரம் கெடைச்சும் வரல. தங்கச்சி பக்கத்துல நிக்குறா, கையில பலகாரம் இருக்கு, ஆனா உள்ள ஒண்ணும் அசையல. இது ரெண்டு வாரத்துக்கு மேல அனேகமா தெனமும் இருந்தா டிப்ரெஷனான்னு பாத்தே ஆகணும், அழுகையே வராம கூட அது வரும், நெறைய பேருக்கு அது தெரியல.

உங்கம்மாவ அப்போ யாராச்சும் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்களா? "அவ அப்படித்தான்"னு விட்டிருப்பாங்க. குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடும்தான், ஆனா அவங்க வாயத் தொறக்கல, நீங்க எழுதிக் கேட்டுட்டீங்க, இதுக்கு வைத்தியம் இருக்கு.

கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போங்க, 1 வெள்ளி (ரிங்கிட்) தான். "தூக்கம் இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துராதீங்க, "புடிச்சது எதுவும் புடிக்கல"ன்னு அதே வார்த்தைல சொல்லுங்க. தைராய்டு, ரத்தசோகை, இனிப்புநீர் மூணையும் ரத்தத்துல பாக்கச் சொல்லுங்க, தைராய்டு கொறைஞ்சாலும் இதே மந்தம் வரும், முடியும் கொட்டும். நடுவுல எப்பவாச்சும் செத்துப் போயிரலாம்னு நெனப்பு வந்தா அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அன்னைக்கே மனநல உதவி லைன் 15555க்கு போன் போடுங்க, கையை மீறிப் போற மாதிரி இருந்தா 999.

பிரிட்டான் சளி, அரிப்புக்குக் குடுக்குற மாத்திரை. அந்த மயக்கம் மறுநாள் பகல் வரைக்கும் இழுக்கும், அதோட இருட்டுல மோட்டார் ஓட்டிட்டு ஷிப்டுக்குப் போறவங்கள நெனைச்சா எனக்கு வயித்தக் கலக்குது. நிறுத்துங்க.

அதுவரைக்கும் ஒண்ணு பண்ணுங்க. மனசு வரட்டும் அப்புறம் போறேன்னு இருக்காதீங்க, இந்த நோய்ல மனசு முதல்ல வராது, கால்தான் முதல்ல போகணும். பாசார் மாலாம் முழுக்க சுத்த வேணாம், பத்து நிமிஷம் போதும். மத்த நாள்ல பஸ் எறங்குற எடத்துல ஒட்டுக்கடை இருந்தா ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) குடிங்க, போன பைக்குள்ள போட்டுட்டு. படுத்துக்கிட்டு டிக்டாக் தள்ளுறது இதுல சேராது, நானும் தள்ளுறவன்தான், தெரிஞ்சுதான் சொல்றேன். முதல் ரெண்டு மூணு தடவை ருசிக்காது. பரவால்ல, போங்க.

தங்கச்சியையும் கிளினிக்குக்குக் கூட்டிட்டு போங்க, நீங்க மறைக்கிறத அவ சொல்லிருவா. அந்த பிரிட்டான் அட்டையையும் எடுத்துக்கிட்டுப் போங்க, எத்தன தின்னிருக்கீங்கன்னு டாக்டர் எண்ணிப் பாக்கட்டும்.